உடைந்த மூலை

ரெக்கார்ட் பட்டன் இறங்க மறுத்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டின் பின்னறையை ஸ்டூடியோவாக்கியிருந்த தியாகராஜனுக்கு வியர்த்தது.

நாளைக் காலை மனைவி நாகம்மைக்குத் தொண்டையில் ஆபரேஷன். அப்புறம் குரலே இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் அவள் பாட்டு ஒன்றையாவது பதிந்துவிட வேண்டும்.

ஒயரை மாற்றினார். டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்தார். கடைசியில் கேசட்டை எடுத்துப் பார்த்தார். மூலையிலிருந்த சின்னப் பிளாஸ்டிக் துண்டைக் காணோம். அது இல்லாவிட்டால் மெஷின் பதியாது.

“புதுசுன்னு சொல்லி உடைஞ்ச கேசட்ட கொடுத்துட்டான் லா!”

கடைக்காரனைத் திட்டிக்கொண்டே ஓட்டையில் செலோடேப் ஒட்டினார். பட்டன் இறங்கியது.

“ஹலோ, ஹலோ... ஒன், டூ, த்ரீ...”

மைக்கை நகர்த்தி நகர்த்திப் பத்து நிமிடம் பதிந்தார். சுற்றிப் போட்டுக் கேட்டார். சுத்தமாக இருந்தது. மறுபடி ஆரம்பத்துக்குச் சுற்றி வைத்தார்.

“நாகு, வந்து பாடு!”

கதவருகே வந்து நின்றவள் வாயைத் திறந்தாள்; வெறும் காற்றாய்க் கிசுகிசுப்புதான் வந்தது.

“தூங்கி எழுந்ததிலேர்ந்து குரலே வரலீங்க. நல்லவேளை, நேத்து நீங்க பி.ஜே. டவுனுக்கு மைக் வாங்கப் போனப்பவே இந்தக் கேசட்டுல பாடி, ஆரம்பத்துக்குச் சுத்தி வச்சிட்டேன். யாரும் மேல பதிஞ்சிடக் கூடாதுன்னு, நீங்க செய்யிற மாதிரியே மூலையையும் உடைச்சிட்டேன். கேளுங்க.”

அவளே ப்ளே பட்டனை அழுத்தினாள்.

“ஹலோ, ஹலோ... ஒன், டூ, த்ரீ...”