பாய்க்கு அடியில்

"நடுக்கடல்ல என்னை எட்டி உதைச்சான் இந்த ஆளு. கையில இருந்த டியூபையும் பிடுங்கிக்கிட்டான். இவனுக்குக் கோயில் கமிட்டியில செக்ரட்டரி பதவியா?"

கான்ட்ராக்டர் ஜம்புலிங்கம் சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார். கன்றிப்போய் நீலமாக இருந்தது.

அந்தமானின் ரங்கத்தில் அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்த கோயிலின் தகரக் கொட்டகையில் ஊர்த் தமிழர்கள் கூடியிருந்தார்கள். ஒரு பக்கம் பெண்கள். ஜம்புலிங்கத்தின் மனைவி செல்லமும் அங்கே இருந்தாள். கடலில் விழுந்து எழுந்தவள் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டு அன்றுதான் வெளியே வந்திருந்தாள்.

எதிரில் ஃபாரஸ்ட் ஆபீஸ் கிளார்க் ஜெகநாதன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

நடந்ததில் பாதி எல்லோருக்கும் தெரியும். லாங் ஐலண்டில் ஒரு கல்யாணம். திரும்பும்போது ஜம்புலிங்கமும் செல்லமும் லாஞ்ச் படகைத் தவறவிட்டார்கள். ஜெகநாதன்தான் தன்னுடைய சின்னப் பாய்மரப் படகில் அவர்களை ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் காற்று திடீரென்று திரும்பி அடித்து, படகு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்துவிட்டது.

"பெங்காலி மீன்காரங்க டுங்கிப் படகுல வரலைன்னா நான் கத்தம்!" என்றார் ஜம்புலிங்கம்.

கமிட்டித் தலைவர் மளிகைக்கடை குழந்தைவேலு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஜெகநாதன், உதைச்சீங்களா?"

"உதைச்சேண்ணே."

கூட்டத்தில் சலசலப்பு.

"டியூபைப் பிடுங்கினீங்களா?"

"பிடுங்கினேன்."

"அதை என்ன பண்ணினான்னு கேளுங்க!" ஜம்புலிங்கம் குறுக்கே பாய்ந்தார். "நான் தண்ணியில தத்தளிக்கிறேன். இவன் என்கிட்ட இருந்த லாரி டியூபைப் பறிச்சுப் பாய்மரத்து நுனியில கட்டுறான். மரத்துக்கு நீச்சல் தெரியாதுன்னு கவலை போல!"

யாரோ சிரித்தார்கள்.

"படகு ஒருக்களிச்சுக் கிடந்துதுண்ணே," என்றார் ஜெகநாதன். "பாய்மரம் தண்ணி மேல படுத்திருந்தது. அப்படியே கிடந்தா ஒண்ணும் ஆகாது. மர நுனி தண்ணிக்குள்ள இறங்கிட்டா, படகு மொத்தமா குப்புறத் திரும்பிடும். இவர் அந்த மரத்து மேலதான் ஏறினாரு. அது இறங்க ஆரம்பிச்சிடுச்சு. பின்னால போய்ச் சுக்கானைப் பிடிச்சுக்கங்கன்னு சொன்னேன். கேக்கலை. உதைச்சுத்தான் தள்ள வேண்டியதாப் போச்சு. நுனியில டியூபைக் கட்டினதும் மரம் மிதந்துச்சு."

"குப்புறத் திரும்பினாத்தான் என்ன? அதோட முதுகுல எல்லாரும் ஏறி உக்காந்திருக்கலாமே?" என்றார் ஜம்புலிங்கம்.

ஜெகநாதன் தயங்கினார்.

"இவரோட சம்சாரம் பாய்க்கு அடியில மாட்டிக்கிட்டிருந்தாங்க. சேலை கயித்துல சுத்திக்கிச்சு. மூச்சு விடுற அளவுக்குத்தான் முகம் வெளியில இருந்தது. படகு திரும்பியிருந்தா அவங்க மேல வந்திருக்கவே முடியாது. மரம் மிதந்த பிறகுதான் உள்ளே போய் அவங்களை வெளியே எடுக்க முடிஞ்சுது."

ஜம்புலிங்கம் சட்டென்று குரலை மாற்றினார்.

"ஐயா, அது எனக்கு எப்படித் தெரியும்? 'உன் பொண்டாட்டி அடியில இருக்கா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே விட்டிருப்பேனே! அவளுக்காக என் உயிரையே கொடுத்திருப்பேனே! சொன்னானான்னு கேளுங்க!"

அவர் குரல் தழுதழுத்தது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"சொன்னீங்களா?" என்றார் குழந்தைவேலு.

ஜெகநாதன் நிமிர்ந்தார். ஒரே ஒரு தடவை பெண்கள் பக்கம் பார்த்தார். செல்லம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லலைண்ணே."

"ஏன்?"

"பதட்டத்துல தோணலை."

"கேட்டீங்களா!" ஜம்புலிங்கம் எழுந்துவிட்டார். "நான் நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். சர்க்கார் உத்தியோகத்துல இவன் எப்படி இருக்கான்னு பாத்துடறேன்."

"இருங்க, இருங்க." குழந்தைவேலு அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு ஜெகநாதனிடம் திரும்பினார். "செக்ரட்டரி வேலையை வேற யாராவது பாக்கட்டும். நீங்க இப்போ கான்ட்ராக்டர்கிட்ட மன்னிப்பு கேட்டுடுங்க. புள்ளைகுட்டிக்காரர், வேலைக்கு வம்பு வேணாம்."

ஜெகநாதன் எழுந்து கை கூப்பினார். "மன்னிச்சுக்கங்க."

"இப்படி இல்லை. கால்ல விழணும்," என்றார் ஜம்புலிங்கம்.

ஜெகநாதன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார்.

"விழாதீங்க அண்ணே."

செல்லம் எழுந்து நின்றிருந்தாள். கழுத்தில் கயிறு அறுத்த காயம் இன்னும் ஆறவில்லை.

"நீ உக்காரு!" என்றார் ஜம்புலிங்கம்.

அவள் உட்காரவில்லை. குழந்தைவேலுவைப் பார்த்துப் பேசினாள்.

"ஜெகநாதன் அண்ணன் சொன்னாருங்க. 'உங்க சம்சாரம் பாய்க்கு அடியில இருக்காங்க, மரத்தை விடுங்க'ன்னு திரும்பத் திரும்பக் கத்தினாரு."

"வேணாம்மா," என்றார் ஜெகநாதன் அவசரமாக.

"எனக்குக் காதுல விழலைன்னு நினைச்சுக்கிட்டு அண்ணன் மறைக்கிறாரு. நடுவுல இருந்தது ஒரு துணிதானே? எல்லாம் கேட்டுச்சு."

இப்போது அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"'அவ போனாப் போறா, முதல்ல என்னை மேல ஏத்து'ன்னு நீங்க சொன்னதும் கேட்டுச்சு."