எட்டு டிஸ்க்குக்கு ஒரு பவர் சப்ளை

வாட்ச்மேன் பெரியகருப்பனின் கை நடுங்குவதை பனியன் கம்பெனி முதலாளி பொங்கியண்ணன் கவனித்துக்கொண்டே இருந்தார். திருடாதவனுக்கு எதற்கு நடுக்கம்?

வெளிநாட்டுக் கம்பெனி நம்பி அனுப்பிய சாம்பிள் டி-சர்ட்டுகள், பூட்டிய அறைக்குள்ளிருந்து காணாமல் போயிருந்தன. சாவி ஒன்று வாட்ச்மேனிடம் இருந்தது, இன்னொன்று முதலாளி வீட்டில். வீட்டுச் சாவியைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

அறையில் கேமரா உண்டு. ஆனால் அதன் படங்களைச் சேர்த்து வைக்கும் கம்ப்யூட்டர் காலையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து மக்கர் செய்தது. ஸ்விட்சைப் போட்டால் ஒரு முனகல், உடனே அணைந்துவிடும்.

எதற்கு இத்தனை பாடு, ஆளை அனுப்பிவிட்டு வேறு வாட்ச்மேன் பார்க்கலாம் என்றான் மகன் தரணீதரன்.

"படத்தைப் பாத்துட்டு அனுப்புங்க மொதலாளி. திருட்டுப்பய பேரோட நான் ஊருக்குப் போக மாட்டேன்" என்றான் பெரியகருப்பன்.

அந்த நிமிர்வு பொங்கியண்ணனுக்குப் பிடிக்கவில்லை. வாசலில் டெய்லர்களும் செக்கிங் பெண்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதிலும் விழும்படி சொன்னார்.

"படத்துல எவன் மூஞ்சி இருந்தாலுஞ் செரி, இன்னிக்கே கேட்டைத் தாண்டோணும். என்ற பேச்சுல ரெண்டு கெடையாது."

சர்வீஸுக்கு வந்திருந்த சுரேந்தர் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தான். போன வருடம் படம் பதிவாகும் நாலு டிஸ்க்கை எட்டாக்கியவர்கள், அவற்றுக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளையைப் பழையபடியே விட்டிருந்தார்கள். டிஸ்க்குகளின் மேல் போட்டிருந்த வாட்ஸையெல்லாம் கூட்டிப் பார்த்த பொங்கியண்ணன், பழையதே தாராளம் என்று அடித்துப் பேசினார்.

"ஓடறப்பப் போதுமுங்க ஐயா. கெளம்பறப்ப எட்டும் ஒண்ணாச் சுத்துமுங்க, அப்ப மூணு பங்கு இழுக்கும், பழைய சப்ளை இனித் தாங்காதுங்க. கரண்ட் போயி வந்தா நிட்டிங் மெஷினை எல்லாம் ஒண்ணொண்ணாத்தானுங்களே போடறீங்க?"

அது உறைத்தது. அப்படியானால் நாலை மட்டும் போட்டு ஓட்டு என்றார். படங்கள் எட்டிலும் பிரிந்து பதிவாகியிருப்பதால் ஒன்று குறைந்தாலும் படம் வராது என்றான் சுரேந்தர். பெரிய பவர் சப்ளை வாங்கிவர அப்போதே ஆள் பறந்தது.

அது வந்து சேரும்வரை யாரும் உட்காரவில்லை.

புதியதைத் தூக்கிக்கொண்டு சுரேந்தர் மேசைக்கு அடியில் புகுந்தான். "மொதல்ல சப்ளை நல்லா இருக்குதான்னு பாத்துக்கறேனுங்க" என்று அடியிலிருந்து குரல் வந்தது. எல்லோர் கண்ணும் திரைமேல் இருந்தது.

ஃபேன் சுழன்றது. பச்சை விளக்கு எரிந்தது. இந்த முறை எதுவும் அணையவில்லை. திரை வெள்ளையாகப் பளிச்சிட்டது.

"வந்திருச்சு" என்றார் பொங்கியண்ணன். மீசையைத் தடவியபடி பெரியகருப்பன் பக்கம் திரும்பினார். அவன் கை நடுக்கம் நின்றிருந்தது.

"அப்பா, நிறுத்தச் சொல்லுங்க." தரணீதரன் முன்னால் வந்தான். "நாந்தானுங்க எடுத்தேன். என்ற மச்சான் அவங்க கம்பெனில அதே டிசைனைப் போடோணும்னு கேட்டாப்பலைங்க."

அந்தப் பேச்சை வீட்டுக்குள் பேசியிருந்தால் வீட்டோடு போயிருக்கும். ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு சபதம் போட்டவர், இப்போது யார் முகத்தையும் பார்க்க முடியாமல் நின்றார். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"படத்தைப் போடப்பா. என்ற கண்ணால நான் பாக்கோணும்."

மேசைக்கு அடியிலிருந்து சுரேந்தர் மெல்ல வெளியே வந்தான். எங்கே பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"படம் இன்னும் வரவேயில்லீங்க ஐயா. டிஸ்க்குக்கு இன்னும் ஒயரே மாட்டலீங்க."