விளக்குப் போடாத ஆள்

தேயிலைச் சரிவை ஒட்டிய செவந்திப்பூ வளர்ப்புக் கூடாரத்துக்குள் புவனேஸ்வரன் கத்திக்கொண்டிருந்தார்.

“ராத்திரி லைட் எரியலன்னா செவந்தி வளராம குட்டையா இருக்கும்போதே மொட்டு விட்டுரும்னு தெரியும்ல? சுவிட்சப் போடாம அப்படி என்ன தூக்கம்?”

காலைத் தேநீரோடு வந்த அவர் மனைவி ரஞ்சிதத்துக்குப் பகீரென்றது. போன வாரம்தான் தன் தம்பி ராதாகிருஷ்ணனை இங்கே வேலைக்குச் சேர்த்திருந்தாள். கோலா தெர்லா ஊரில் ஒரு தோட்டத்தில் முதலாளி திட்டினார் என்று வேலையை விட்டுவிட்டு வந்தவன் அவன்.

“ஞாயித்துக்கெழம தானா ராத்தா டவுனுக்குப் போறதெல்லாம் கட். இங்கயே களை எடுக்கணும், புரியுதா?”

இனி தம்பி ஒரு நிமிஷம்கூட இருக்க மாட்டான். ரஞ்சிதம் உள்ளே ஓடினாள்.

“விடுங்க லா, அவன் புதுசு!”

புவனேஸ்வரன் திடுக்கிட்டுத் திரும்பினார். கூடாரத்தில் வேறு யாருமே இல்லை.

“தம்பி எங்கங்க?”

“கீழ லோரியில பூ ஏத்துறான்.”

“அப்ப யாரத் திட்டுனீங்க?”

அவர் தலையைச் சொறிந்தார்.

“நேத்து லைட் போடுறது என் வேல. மறந்துட்டேன்.”

ரஞ்சிதத்துக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. தேநீரை நீட்டினாள்.

“கொஞ்சம் மெதுவாத் திட்டுங்க. அந்த ஆளும் கோவிச்சுக்கிட்டு ஓடிட்டா, எனக்கு வேற புருஷன் கெடையாது.”