எப்போது பறக்கும்?

மகள் காதலிக்கும் பையனை அம்மா ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்ன வேலைன்னு சொன்னீங்க, தம்பி?”

“விண்வெளி ஆராய்ச்சி, ஆன்ட்டி. சூரியனுக்குள்ள அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு இணையுதே, அதையே இஞ்சினுக்குள்ள செஞ்சு ராக்கெட்டை ஓட்டப் போறோம். செவ்வாய்க்கு ஒரே மாசத்துல போயிடலாம். உங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா…”

“புரியுது. நிஜமாவே ஓடுமா?”

“சந்தேகமே வேண்டாம்!”

“எப்ப?”

“அஞ்சே வருஷத்துல!”

அம்மாவுக்குப் பின்னால் நின்ற மகள் கண்ணைக் காட்டியதை அவன் கவனிக்கவில்லை. அம்மா அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

“நான் யாருன்னு அவன்கிட்ட சொல்லிடலையே?”

“இல்லம்மா.”

“நல்லது. இந்த இடம் வேண்டாம்.”

“ஏம்மா, பொய் சொல்றார்னு நினைக்கிறியா?”

“நிஜமா இருந்துடுமோன்னுதான் பயமா இருக்கு! இதே இஞ்சின் திட்டத்துக்கு இன்னொரு ஊர்ல முப்பது வருஷம் தலைவியா இருந்தேனே, மறந்துட்டியா? ‘இன்னும் இருபது வருஷத்துல பறந்துடும்’னு வருஷா வருஷம் சொல்லித்தான் உன்னைப் படிக்க வச்சேன், இந்த வீட்டைக் கட்டினேன், மாலை மரியாதையோட ரிட்டயர் ஆனேன். இவன் அஞ்சு வருஷத்துல பறக்க விட்டுட்டு, அப்புறம் எந்த வேலைக்குப் போவான்?”

மகள் குரலைத் தாழ்த்தினாள்.

“அம்மா, அவர் உன்கிட்ட சும்மா பீத்திக்கிறார். போன வாரம் ஓட்டிப் பார்த்தப்பகூட இஞ்சின் ஒரு நொடி தாங்கல. குடுக்கிற சக்தியைவிடக் குடிக்கிற கரண்டுதான் அதிகம்.”

“இப்பவுமா?”

அம்மாவின் முகம் மலர்ந்தது. காபியை எடுத்துக்கொண்டு வரவேற்பறைக்கு விரைந்தாள்.

“சூடா குடிங்க, மாப்பிள்ளை!”