உறையாத குழாய்

மலைக்கோட்டைப் பக்கமிருந்து மாலை வெயில் சமையல்கட்டு ஜன்னலில் விழுகிறது. கல்லூரி வாத்தியார் பக்ருதீன், தன் ரத்தம் ஊற்றிய இரண்டு கண்ணாடிக் குழாய்களை மெல்லச் சாய்க்கிறார். ஒன்றில் ரத்தம் கட்டிவிட்டது. கடல்பாசியிலிருந்து பிரித்தெடுத்த சர்க்கரைப் பொருளைக் கலந்த மற்றதில் இன்னும் ஓடுகிறது. பக்கத்துத் தட்டில், அவர் மனைவி குர்ஷித் பேகம் பாலில் காய்ச்சி ஊற்றிய கடல்பாசி அசையாமல் இறுகிக் கிடக்கிறது. "பாலை இம்புட்டு உறைய வைக்கிறது, ரத்தத்தை உறைய விடாதாங்க?" "குழாய்க்குள்ளதான். தின்னா ரத்தத்துல சேராது." "சரிங்க" என்கிறாள். கூடத்தில், மூளையில் ரத்தம் கட்டி வலக்கை விழுந்துபோன, அவளைப் பெற்ற அத்தா படுத்திருக்கிறார். தட்டின் நடுவிலிருந்து அவருக்குப் பெரிய துண்டாக வெட்டி எடுக்கிறாள். பக்ருதீன் குழாயை இன்னொரு முறை சாய்த்துப் பார்க்கிறார். "இன்னொரு துண்டும் வை" என்கிறார்.