ஆறு பேருக்கு ஒரு சஹன்

பண்டாரவளை மண்டப அலுவலகத்தில் வெயில் மேசைவரை வந்து கிடக்கிறது. ரிஸ்காவின் கலியாண விருந்துக்குச் சஹனா, பஃபேயா என்று மேலாளர் கேட்கிறார். "சஹன்தான். ஆறு பேரு கீழ உக்காந்து ஒரே தட்டுல கை வச்சாத்தான் விருந்து," என்கிறார் அவளுடைய வாப்பா வாஹித். பேசியபடியே தேநீர்க் கோப்பையைத் தூக்குகிறார். வலது கை நடுங்குகிறது. கோப்பைக்கு அடியில் பிடித்த பீரிசுத் தட்டு கடகடக்கிறது, தேநீர் மேசையில் சிந்துகிறது. அவருடைய சஹனில் மாப்பிள்ளை வீட்டார் உட்காருவார்கள். ரிஸ்கா சுவரைப் பார்க்கிறாள். "பஃபே நல்லம், வாப்பா." வாஹித் அந்தக் கையை மேசைக்கடியில் இறக்கி, இடது கையால் பிடித்துக்கொள்கிறார். "அப்ப பஃபேயே போடுங்க. எனக்கும் முழங்கால் வருத்தம், கீழ உக்கார ஏலா." இன்று அதிகாலைச் சுபஹு தொழுகையில் அவர் தரையிலிருந்து சிரமமே இல்லாமல் எழும்பியதை ரிஸ்கா பார்த்திருக்கிறாள்.