ஒன்பதாவது இடம்

பழைய வீடியோ கேம் மெஷினின் சர்க்யூட் பலகையில் எந்த மெமரி சிப் கெட்டது என்று பெரியவர் விரல் வைத்தே சொல்லிவிடுவார். கெட்டது சுடும். அன்று காலை பழுதுபார்க்க வந்த பலகையில் எட்டு சிப்புகளும் குளிர்ந்துதான் இருந்தன. சிப்பே பொருத்தாத ஒன்பதாவது சாக்கெட் சுட்டது. பிளக்கைப் பிடுங்கினார். அப்போதும் சுட்டது.

மனைவி அறை வாசலில் வந்து நின்றாள். "பேத்திக்கு மூணு நாளா காய்ச்சல் இறங்கலையாம். ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்களேன்."

"சொல்லாம கொள்ளாம கல்யாணம் பண்ணிக்கிட்டவ வீட்டுப் படியை நான் மிதிக்கணுமா? குடும்ப மானம் என்னாவது?"

"மானத்துக்கு ஒண்ணும் காய்ச்சல் வரலையே!"

அவர் காலி சாக்கெட்டில் மறுபடி விரல் வைத்தார். இன்னும் அதிகமாகச் சுட்டது. எழுந்து சட்டையை மாட்டினார்.

கதவைத் திறந்த மகள் வாசலிலேயே நின்றாள். "வழி விடும்மா" என்று உள்ளே போனார். ஆறு வயதுப் பேத்தியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். நெற்றியில் விரல் வைத்தார். அதே சூடு.

"நீங்க யாரு?"

"உன் அம்மாவோட அப்பா."

"இவ்வளவு நாளா எங்கே இருந்தீங்க?"

"ரெண்டு தெரு தள்ளித்தான்."

விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். மதியம் நெற்றி வியர்த்துக் குளிர்ந்தது. அப்போது மனைவி ஃபோனில் அழைத்தாள்.

"பலகை தானா ஓடுதுங்க. பிளக் தரையிலதான் கிடக்கு."

"ஒன்பதாவது சாக்கெட்டைத் தொட்டுப் பாரு."

"ஜில்லுன்னு இருக்கு."

"சரி, ஓடட்டும். நான் இங்கேயே சாப்பிட்டுக்கறேன்."